ஒருமுறை கேட்டால் போதும்

ஜிடிஏ ஆன்லைன் 2013-இல் வெளிவந்த விளையாட்டு. கோடிக்கணக்கானோர் ஆடியது. கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் ஆட்டத்துக்குள் நுழையவே சில நிமிடங்கள் ஆயின. சிலருக்கு ஆறு நிமிடம். இணைய வேகம் போதவில்லை, கம்ப்யூட்டர் பழையது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, ஓடிக்கொண்டிருந்த விளையாட்டைப் பிரித்துப் பார்த்தார். இணையம் சும்மா இருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் சும்மா இருந்தது. பிராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக்கணக்கில் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

அது செய்துகொண்டிருந்த வேலை இதுதான். ஆட்டத்துக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று, சுமார் 10 மெகாபைட் எழுத்துகளாக வருகிறது. அதில் 63,000 பதிவுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தெடுக்க, சி மொழியின் நூலகத்தில் உள்ள எஸ்ஸ்கேன்எஃப் என்ற ஃபங்ஷனை அழைத்திருக்கிறார்கள். கொடுத்த எழுத்துத் தொடரின் தொடக்கத்திலிருந்து ஒரு எண்ணையோ சொல்லையோ பிரித்துத் தரும் ஃபங்ஷன் அது. ஆனால் வேலையைத் தொடங்குமுன், தன்னிடம் வந்த தொடர் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள அது ஸ்ட்ர்லென் என்ற இன்னொரு ஃபங்ஷனை அழைக்கிறது. சி மொழியில் எழுத்துத் தொடர் தன் நீளத்தை எங்கும் குறித்து வைப்பதில்லை. கடைசியில் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும், அவ்வளவுதான். எனவே நீளம் வேண்டுமென்றால் அந்தப் பூஜ்யம் வரும்வரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தெருவுக்கு நாளிதழ் போடும் பையன், ஒவ்வொரு வீட்டிலும் போட்டதும் தெருமுனை வரை நடந்துபோய் மிச்சம் எத்தனை வீடு என்று எண்ணிவிட்டு, திரும்பி வந்து அடுத்த வீட்டில் போடுவதைப் போன்றது இது.

பதிவுக்கு ஒரு தடவைதான் அழைப்பு என்று வைத்துக்கொண்டாலும், சராசரியாக 5 மெகாபைட் மிச்சமிருக்கும் தொடரை 63,000 முறை கடக்க வேண்டும். 31,500 கோடி பைட். இதோடு முடியவில்லை. படித்தெடுத்த ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிட்டுப் பார்க்கும் இன்னொரு பகுதியும் இருந்தது. அதன் கணக்கு ஏறக்குறைய 198 கோடி ஒப்பீடு. இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் எந்தப் பொருளும் இரண்டு முறை வருவதில்லை.

அவர் செய்த திருத்தம் மிகச் சிறியது. ஸ்ட்ர்லென்னுக்குப் போகும் அழைப்பைத் தான் எழுதிய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிட்டார். மிக நீளமான தொடர் ஒன்று வந்தால் அதன் தொடக்கத்தையும் நீளத்தையும் அந்த ஃபங்ஷன் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த அழைப்பு அதே தொடருக்கு உள்ளிருந்து வந்தால் எண்ணாமல், கழித்துச் சொல்லிவிடும். இருக்கிறதா என்று தேடும் பகுதியை அப்படியே தாண்டவைத்தார். ஆறு நிமிடம் ஒரு நிமிடம் ஐம்பது நொடியாகக் குறைந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அடுத்த மாதமே திருத்தம் வெளியிட்டது. அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

இந்த நிகழ்வில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தேவையில்லாத அழைப்பு. மற்றொன்று, ஒரு ஃபங்ஷனுக்குப் போகவேண்டிய அழைப்பை ஓடும்போதே வேறொன்றுக்குத் திருப்பிவிட முடிகிற வசதி. சி மொழியே தரும் அப்படிப்பட்ட வசதிக்கு ஃபங்ஷன் பாயின்டர் என்று பெயர். பாடப்புத்தகங்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகத்தான் படுகின்றன: ஒரு முடிவை எப்போது எடுப்பது, எடுத்ததை எங்கே வைத்துக்கொள்வது?

முதலில் ஓர் அழைப்பு என்றால் என்ன என்று கிட்டத்தில் பார்க்கலாம். இன்டெல் வகை பிராசசர் உள்ள இன்றைய 64-பிட் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, கொடுக்க வேண்டிய மதிப்புகளை முதலில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்களில் வைக்கிறது. முழு எண்களும் முகவரிகளும் என்றால் முதல் ஆறு, அதற்கென்று ஒதுக்கிய ஆறு ரெஜிஸ்டர்களில் போகும். மீதி இருந்தால் ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதிக்குப் போகும். பிறகு அழைப்புக் கட்டளை. அது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற 8 பைட் முகவரியை ஸ்டாக்கில் எழுதிவிட்டு, அழைக்கப்பட்ட ஃபங்ஷனின் முதல் கட்டளைக்குத் தாவுகிறது. அந்த ஃபங்ஷன் தான் பயன்படுத்தப்போகும் சில ரெஜிஸ்டர்களின் பழைய மதிப்பைப் பத்திரப்படுத்துகிறது, வேலையைச் செய்கிறது, பழையதைத் திருப்பி வைக்கிறது, ஸ்டாக்கிலிருந்த முகவரியை எடுத்துக்கொண்டு வந்த இடத்துக்குத் திரும்புகிறது. இதற்கெல்லாம் சேர்த்து ஆகும் நேரம் பிராசசரின் சில துடிப்புகள். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் ஒரு துடிப்பு என்பது ஒளி 10 சென்டிமீட்டர் போகும் நேரம்.

அழைப்பு தொடக்கம் முதலே இவ்வளவு மலிவாக இருக்கவில்லை. சி மொழி 1970-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில், பிடிபி-11 என்ற கம்ப்யூட்டரை ஒட்டி வளர்ந்தது. அதை வடிவமைத்த டென்னிஸ் ரிச்சி, சி மொழியில் ஃபங்ஷன் அழைப்பு மிக மிக மலிவு என்று எல்லோரிடமும் சொல்லி, சிறுசிறு ஃபங்ஷன்களாகப் பிரித்து எழுத ஊக்குவித்தார். அவரோடு அங்கே வேலை பார்த்தவரும், யாக் என்ற கருவியை எழுதியவருமான ஸ்டீவ் ஜான்சன் பிற்காலத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தபோது பிடிபி-11-இல் அழைப்புகள் விலை கூடியவையாகவே இருந்தன. அதற்கு அடுத்து வந்த வாக்ஸ் கம்ப்யூட்டரிலோ சில நிரல்கள் பாதி நேரத்தை அழைப்புக் கட்டளையிலேயே செலவழித்தன. ரிச்சி சொன்னது உண்மையல்ல என்று தெரிந்தபோது, பிரித்து எழுதும் பழக்கத்தை விட யாருக்கும் மனம் வரவில்லை. விடாததே நல்லதாயிற்று. அதே ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் இயங்குதளம் இன்றுவரை படித்துப் புரிந்துகொள்ளக்கூடியதாக இருப்பதற்கு அந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

பிறகு, நாம் எழுதும் நிரலைப் பிராசசரின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர்கள் தேர்ந்தன. சின்ன ஃபங்ஷன் ஒன்றை அழைக்கும் இடத்தில், அழைப்பை எடுத்துவிட்டு அந்த ஃபங்ஷனின் உடலையே அங்கே ஒட்டிவிடும் உத்தியை இன்லைன் என்பார்கள். இப்போது பெரும்பாலும் நாம் கேட்காமலேயே அது நடக்கிறது. அதனால் அழைப்பைத் தவிர்ப்பதற்காக நிரலைக் குழப்பி எழுதுவதில் இன்று எந்த நியாயமும் இல்லை. தவிர்க்க வேண்டியது, பதில் மாறாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதை. அங்கே கம்பைலர் எப்போதும் கைகொடுக்காது.

எடுத்துக்காட்டாக, ஒரு தொடரிலுள்ள ஆங்கிலச் சிறிய எழுத்துகளையெல்லாம் பெரிய எழுத்தாக்க வேண்டும். சுழற்சியின் நிபந்தனையில் "வரிசை எண் ஸ்ட்ர்லென் சொல்லும் நீளத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை" என்று எழுதுகிறோம். படிக்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நீளம் மறுபடி எண்ணப்படுகிறது. ஒரு லட்சம் எழுத்துக்கு ஆயிரம் கோடி பைட்டைப் பார்க்க வேண்டிவரும். சுழற்சி தொடரைப் படிக்க மட்டும் செய்தால், கம்பைலர் ஸ்ட்ர்லென்னை அறியும் என்பதால் அதைச் சுழற்சிக்கு வெளியே எடுத்து ஒரே தடவை அழைத்துவிடும். இங்கேயோ ஒவ்வொரு சுற்றிலும் அதே தொடருக்குள் ஓர் எழுத்தை எழுதுகிறோம். எழுதப்படுவது பூஜ்யமாக இருந்தால் நீளம் மாறிவிடுமே. பெரிய எழுத்தாக்கினால் பூஜ்யம் வராது என்பது நமக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு நிரலின் பொருளை மாற்ற அதற்கு உரிமை இல்லை. நீளத்தை முன்கூட்டியே ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்வது நிரலரின் பொறுப்பு. ஒரே வரி.

இப்போது மற்றப் பக்கம். ஃபங்ஷனும் நினைவகத்தில் எங்கோ ஓர் இடத்தில் வரிசையாகக் கிடக்கும் பைட்டுகள்தான். அந்த இடத்துக்கு ஒரு முகவரி உண்டு. 64-பிட் கம்ப்யூட்டரில் 8 பைட். அந்த முகவரியை மாறியில் வைக்கலாம், பட்டியலில் அடுக்கலாம், இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். முகவரியை வைத்திருக்கும் மாறிதான் ஃபங்ஷன் பாயின்டர். ரிச்சியும் கெர்னிகனும் சி மொழி பற்றி 1978-இல் எழுதிய புத்தகத்தின் காலத்தில் பாயின்டர் வழியாக அழைக்க, முன்னால் நட்சத்திரக் குறி போட்டு அடைப்புக்குள் வைத்து எழுத வேண்டும். 1989-இல் வந்த தர வரையறை, சாதாரண ஃபங்ஷனைப் போலவே பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்று எளிதாக்கியது. பழைய முறையிலேயே எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அங்கே நடப்பது நேரடி அழைப்பு அல்ல என்று படிப்பவருக்குச் சட்டென்று தெரியும் என்பதால் எனக்கும் அதுவே பிடிக்கும்.

இதன் அழகைக் காட்ட கியூசார்ட்டைவிட நல்ல இடம் இல்லை. சி நூலகத்தின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் அது. கணினி அறிஞர் டோனி ஹோர் மாஸ்கோவில் மாணவராக இருந்த நாளில் யோசித்த விரைவு வரிசை முறையிலிருந்து பெயர் பெற்றது; ஆனால் அந்த முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தர வரையறை கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு நான்கு விவரம் கொடுக்க வேண்டும். பட்டியல் எங்கே தொடங்குகிறது, எத்தனை உறுப்பு, ஒவ்வொன்றும் எத்தனை பைட், இரண்டை ஒப்பிட எந்த ஃபங்ஷனை அழைப்பது. வரிசைப்படுத்தப்படுவது எண்ணா, பெயரா, மதிப்பெண் பட்டியலா என்று கியூசார்ட்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தமிழ்ச் சொற்களை அதனிடம் கொடுத்துப் பார்க்கலாம். பைட் பைட்டாக ஒப்பிடும் வழக்கமான ஃபங்ஷனோடு கொடுத்தால் பனை, பலா, பழம் என்று அடுக்கித் தரும். நம் அகராதியில் பலா, பழம், பனை என்றுதான் வரவேண்டும். யூனிகோட் அட்டவணையில் நகரத்துக்கு அடுத்து உடனே னகரம் இருக்கிறது, ரகரத்துக்கு அடுத்து றகரம். நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. கியூசார்ட்டைத் தொடவே வேண்டாம். நெடுங்கணக்கு முறைப்படி ஒப்பிடும் ஒரு ஃபங்ஷனை எழுதி, அதன் முகவரியை நான்காவது விவரமாகக் கொடுத்தால் போதும். தமிழை அறியாதவர்கள் எழுதிய நிரல் அந்தக் கணமே தமிழ் அகராதி வரிசையில் அடுக்கத் தொடங்கும். பழைய நிரல் ஒன்று, தான் எழுதப்பட்டபோது இல்லாத ஒன்றை அழைக்கிறது. இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

வியப்புக்கு விலையும் உண்டு. ஒரு லட்சம் பெயர்களை அடுக்க ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடு வேண்டும். ஒவ்வொன்றிலும் நம் ஃபங்ஷன் இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, நெடுங்கணக்கில் எத்தனையாவது என்று பார்த்து, பிறகு ஒப்பிடுகிறது. அப்படியானால் 34 லட்சம் முறை பிரிக்கிறோம். பெயர்களோ ஒரு லட்சம்தான். ஒவ்வொரு பெயரையும் முதலிலேயே ஒரு தடவை, நெடுங்கணக்கு வரிசையை அப்படியே காட்டும் எண் தொடராக மாற்றி வைத்துக்கொண்டால், பிறகு சாதாரண பைட் ஒப்பீடே சரியான வரிசையைத் தரும். இதற்கென்றே 1989 தர வரையறையிலேயே ஸ்ட்ர்எக்ஸ்ஃபர்ம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அந்தந்த மொழியின் வரிசை விதிப்படி சொல்லை உருமாற்றித் தரும். இருப்பது பலருக்குத் தெரியாமலேயே போய்விட்டது.

எண்களை அடுக்கும்போது வேறு விதமான இழப்பு. இரண்டு எண்ணை ஒப்பிடுவது பிராசசருக்கு ஒரே கட்டளை. ஆனால் பாயின்டர் வழியாக எந்த ஃபங்ஷன் வரும் என்று கம்பைலருக்குத் தெரியாததால், அதன் உடலை எடுத்து ஒட்ட முடிவதில்லை. பத்து லட்சம் எண் என்றால் சுமார் 2 கோடி முறை, ஒரு கட்டளை வேலைக்காக ரெஜிஸ்டர் நிரப்பி, தாவி, திரும்பி வருகிறது. பாயின்டர் வழி அழைப்பே மெதுவானது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. இன்றைய பிராசசர், போன முறை இந்த இடத்திலிருந்து எங்கே தாவினோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, முகவரி கைக்கு வருமுன்பே அங்கிருந்து கட்டளைகளை எடுத்து ஓட்டத் தொடங்கிவிடும். கணிப்பு சரியானால் செலவு ஏறக்குறைய இல்லை. தவறினால் செய்ததையெல்லாம் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்க 15, 20 துடிப்பு போகும். எப்போதும் ஒரே ஃபங்ஷனைச் சுட்டும் பாயின்டருக்குக் கணிப்பு அநேகமாகத் தவறாது. ஆகவே பெரிய இழப்பு தாவலில் இல்லை. கம்பைலரின் பார்வை அந்த இடத்தில் மறைந்துபோவதில்தான் இருக்கிறது.

கியூசார்ட் பற்றிப் பேசும்போது டக்ளஸ் மெக்கில்ராயை விட்டுவிட முடியாது. யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாக அனுப்பும் பைப் அவருடைய யோசனை. 1991-இல் பெல் ஆய்வுக்கூடச் சகாக்கள் இருவர், சில நிமிடங்களில் முடிய வேண்டிய கியூசார்ட் மணிக்கணக்கில் ஓடுவதைக் கண்டார்கள். அதன் பிறகு அங்கேயே பணியாற்றிய ஜான் பென்ட்லியும் மெக்கில்ராயும் சேர்ந்து கியூசார்ட்டைப் புதிதாக எழுதி 1993-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆறு ஆண்டு கழித்து, எந்த விரைவு வரிசை நிரலையும் மண்டியிடவைக்கும் வழியை மெக்கில்ராயே வெளியிட்டார். அந்த வழி முழுக்க முழுக்க ஒப்பிடும் ஃபங்ஷனுக்குள் இருந்தது.

விரைவு வரிசை முறை ஓர் உறுப்பை நடுநாயகமாகப் பிடித்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் தள்ளும். பிறகு இரு பக்கத்தையும் அதே போலப் பிரிக்கும். பக்கங்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். நடுநாயகம் எப்போதும் மிகச் சிறியதாகவே அமைந்தால், ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் மலையாகவும் நின்று வேலை வர்க்கமாகப் பெருகும். மெக்கில்ராய் செய்தது, உறுப்புகளுக்கு எந்த மதிப்பும் கொடுக்காமல் கியூசார்ட்டை ஓடவிட்டது. இது பெரியதா அது பெரியதா என்று அது கேட்கும்போதுதான் மதிப்பு முடிவாகும். இன்னும் மதிப்புப் பெறாத இரண்டை ஒப்பிடச் சொன்னால், அவருடைய ஒப்பிடும் ஃபங்ஷன், நடுநாயகம் என்று சந்தேகப்படும் உறுப்புக்கு, மிச்சமிருப்பதிலேயே மிகச் சிறிய எண்ணைக் கொடுத்துவிடும். அண்மையில் அடிக்கடி ஒப்பிடப்பட்ட உறுப்புதானே நடுநாயகம்! சந்தேகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதுவரை சொன்ன எந்தப் பதிலுக்கும் முரணாகாமல், ஒவ்வொரு கட்டத்திலும் மோசமான பிரிவே கிடைக்கும். ஓடி முடிந்ததும் உறுப்புகளுக்குக் கிடைத்த எண்களைக் குறித்துக்கொண்டால், அதே கியூசார்ட்டிடம் எப்போது கொடுத்தாலும் அதைத் திணறவைக்கும் பட்டியல் ஒன்று கையில் இருக்கும். மூல நிரலைப் பார்க்கவே வேண்டாம். கேட்கும் கேள்விகளை வைத்தே கேட்பவரின் உள்ளத்தைப் படித்துவிடுகிறது. ஃபங்ஷன் பாயின்டரை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்திய வேறொரு நிரலை நான் அறியேன்.

நாம் எழுதாத இடங்களிலும் ஃபங்ஷன் பாயின்டர் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. நூலகம் நினைவகத்தில் எந்த இடத்தில் ஏற்றப்படும் என்று நம் நிரல் கம்பைல் ஆகும்போது தெரியாது. எனவே ஸ்ட்ர்லென் போன்ற ஒவ்வொன்றுக்கும் நிரலுக்குள் 8 பைட் இடம் ஒதுக்கப்படும். முதல் அழைப்பு அந்த இடத்தின் வழியாக, பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பகுதிக்குப் போகும். அது தேடி, கிடைத்த முகவரியை அதே இடத்தில் எழுதிவிடும். இரண்டாவது அழைப்பிலிருந்து தேடலே கிடையாது. சில லினக்ஸ் வெளியீடுகள் பாதுகாப்புக்காக, நிரல் தொடங்கும்போதே எல்லா இடங்களையும் நிரப்பிப் பிறகு யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுகின்றன. இன்னொரு நுணுக்கமும் இங்கேயே நடக்கிறது. லினக்ஸின் நூலகத்தில் ஸ்ட்ர்லென் ஒன்றல்ல, பல. ஒரே மூச்சில் 16 பைட் பார்க்கும் பதிப்பு, 32 பைட் பார்க்கும் பதிப்பு என்று பிராசசரின் திறனுக்கேற்ப இருக்கின்றன. இந்த பிராசசரால் முடியுமா என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்பதில்லை. முகவரியை எழுதும் நேரத்தில் ஒருமுறை கேட்டு, பொருத்தமான பதிப்பின் முகவரியை எழுதிவிட்டால் நிரல் முடியும்வரை அதுதான் பதில்.

இதே எண்ணத்தில்தான் யூனிக்ஸ் தொடக்கத்திலேயே தன் கருவிகளைக் கையாண்டது. டெர்மினல், பிரிண்டர், டேப் என்று ஒவ்வொரு கருவிக்கும் திறக்க, மூட, படிக்க, எழுத என்று ஃபங்ஷன்களின் முகவரிகள் ஓர் அட்டவணையில் வரிசையாக இருந்தன. கருவியின் எண்தான் அட்டவணையில் வரிசை எண். லினக்ஸ் இன்றும் அப்படியே. கோப்பு ஒன்றைத் திறந்த கணத்தில் அது எந்த வகை என்று தீர்மானமாகி, அதற்குரிய முகவரித் தொகுப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு 'படி' என்ற ஒரே கட்டளை கீபோர்டிலும் செல்லும், டிஸ்க்கிலும் செல்லும். எதை எழுதினாலும் விழுங்கிவிடும் 'நல்' என்ற வெற்றுக் கருவியின் 'எழுது' ஃபங்ஷன், எத்தனை பைட் வந்ததோ அத்தனையும் எழுதிவிட்டேன் என்று எண்ணை மட்டும் திருப்பித் தருகிறது. அதன் 'படி' பூஜ்யத்தைத் திருப்பித் தருகிறது. ஓர் உண்மையான கருவியாக இருக்க அவ்வளவே போதுமாக இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 2018 ஜனவரியில் பெரிய அடி விழுந்தது. ஸ்பெக்டர் என்று பெயரிட்ட ஓட்டையின் ஒரு வகை, பாயின்டர் வழி அழைப்பில் பிராசசர் செய்யும் கணிப்பையே குறிவைத்தது. தாக்குபவர் பிராசசரின் குறிப்பேட்டைத் தவறாகப் பழக்கிவிட்டால், இயங்குதளத்தின் மையம் ஒரு பாயின்டர் வழியாக அழைக்கும் தருணத்தில் பிராசசர் தாக்குபவர் விரும்பிய இடத்துக்கு முன்கூட்டியே ஓடிப்பார்க்கும். கணிப்பு தவறென்று தெரிந்து திரும்பினாலும், ஓடிய தடயம் கேஷ் நினைவகத்தில் தங்கும். அதை அளந்து இரகசியங்களைக் கறக்கலாம். மாற்றாகக் கூகுள் பொறியாளர்கள் கொடுத்த ரெட்போலின் என்ற உத்தி, பாயின்டர் வழி அழைப்பைத் 'திரும்பு' கட்டளையாக வேடம் மாற்றி, பிராசசரின் கணிப்பைத் தீங்கில்லாத ஒரு சுழலில் சிக்கவைத்தது. பாதுகாப்பு வந்தது. ஆனால் ஒவ்வொரு பாயின்டர் வழி அழைப்பும் கணிப்பு தவறியதற்கான விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அது எவ்வளவு வலித்தது என்பதை நெட்வொர்க் பகுதியில் பார்க்கலாம். நொடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடி, சுமார் 200 துடிப்பு. ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த நெறிமுறை, யாருக்குப் போக வேண்டும் என்று பல பாயின்டர்களைத் தாண்டித்தான் போகிறது. அங்கே லினக்ஸ் நிரலர்கள் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. பாயின்டரில் இருப்பது பெரும்பாலும் எந்த ஃபங்ஷன் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆகவே அழைக்குமுன் ஒரு கேள்வி: பாயின்டரில் இருப்பது இந்த முகவரிதானா? ஆமென்றால் அந்த ஃபங்ஷனைப் பெயர் சொல்லி நேரடியாக அழை. இல்லையென்றால் மட்டும் பாயின்டர் வழியாகப் போ. கூடுதலாக ஓர் ஒப்பீடு சேர்ந்ததில் வேலை வேகமாயிற்று.

2020 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 5.10 இன்னும் ஒரு படி மேலே போனது. பிராசசரின் மாடல் எது என்பது போன்ற விஷயங்கள் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது ஒருமுறை தெரிந்துவிடும், அணைக்கும்வரை மாறாது. அப்படிப்பட்ட முடிவை நினைவகத்தில் ஒரு பாயின்டராக வைத்து ஒவ்வொரு முறையும் படிப்பானேன் என்று கேட்டு, ஸ்டாட்டிக் கால் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இதில் முகவரி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைக்குள்ளேயே எழுதப்படுகிறது. இன்டெல் வகை பிராசசரில் நேரடி அழைப்புக் கட்டளை 5 பைட். முதல் பைட் 'அழை'. மற்ற நான்கும் எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்ற எண். அந்த நான்கை மாற்றினால் அழைப்பு வேறு ஃபங்ஷனுக்குப் போகும். பிராசசரின் பார்வையில் அது சாதாரண நேரடி அழைப்பு. ஏமாற்றக்கூடிய பாயின்டர் அங்கே இல்லை.

ஆனால் மாற்றும் அதே நேரத்தில் இன்னொரு கோர் அந்த வரியை ஓட்டிக்கொண்டிருக்கலாம். பாதி பழையது, பாதி புதியது என்று ஐந்து பைட்டைப் படித்துவிட்டால் எங்கே தாவும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் முதல் பைட்டின் மேல், ஒரே பைட் நீளமுள்ள நிறுத்தக் கட்டளை எழுதப்படுகிறது. எல்லாக் கோர்களும் அதைப் பார்த்துவிட்டன என்று உறுதிசெய்த பிறகு மீதி நான்கு பைட் மாற்றப்படுகிறது. மறுபடி உறுதிசெய்துகொண்டு, கடைசியாக முதல் பைட் சரிசெய்யப்படுகிறது. இடையில் ஏதாவது கோர் அங்கே வந்து நிறுத்தக் கட்டளையில் மோதினால், அதைக் கவனிக்கும் பகுதி புதிய அழைப்பு நடந்தது போலவே காட்டி அதை மேலே அனுப்பிவிடும். சில பிராசசர் மாடல்களுக்கு ஓர் இடத்தில் எந்த ஃபங்ஷனுமே தேவைப்படாது. அங்கே 'ஃபங்ஷன் இருக்கிறதா' என்று சோதிக்கும் கட்டளையும் வைப்பதில்லை. அழைப்பு இருந்த ஐந்து பைட்டின் மேல், எதையும் செய்யாத ஐந்து பைட் கட்டளை ஒன்று எழுதப்படுகிறது.